கிட்டார் கம்பிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: எலெக்ட்ரிக் கிட்டாருக்கு 9 செட் போடுவதா, 10 போடுவதா?

9, 10 என்பவை செட்டின் மிக மெல்லிய கம்பியின் பருமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். ஸ்கேல் நீளத்தை, அதாவது கம்பி அதிரும் நீளத்தை, சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் 25.5 அங்குலம், லெஸ் பால் முக்கால் அங்குலம் குறைவு. ஒரே 10 செட், முன்னதில் விறைப்பாகவும் பின்னதில் இளக்கமாகவும் இருக்கும். புதியவர்கள் ஸ்ட்ராட்டில் 9, லெஸ் பாலில் 10 என்று தொடங்கலாம். பருமனை மாற்றினால் நெக் வளைவையும் பார்த்துவிடுங்கள்.

கே: எந்தக் கம்பி நல்லது?

எந்தக் கிட்டாருக்கு? அதை எழுதுங்கள், பதில் தருகிறேன்.

கே: என் கிளாசிக்கல் கிட்டாரில் சத்தம் போதவில்லை. ஸ்டீல் கம்பி மாட்டலாமா?

கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி நிற்கவில்லை. நைலான் செட்டின் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. அக்கூஸ்டிக்கின் 12 செட் 70 கிலோவைத் தாண்டும். கிளாசிக்கலின் மெல்லிய மேல்பலகையும், அதன் அடியில் விசிறி போல ஒட்டிய பட்டைகளும் அந்த 40 கிலோவுக்கென்றே செய்தவை. பலவற்றில் நெக்கினுள், அது வளையாமல் தாங்கும் இரும்புக் கோலான ட்ரஸ் ராடும் கிடையாது. போன மாதம் பழுதுக்கு வந்த ஒன்றில் பிரிட்ஜின் (கம்பிகளை மேல்பலகையில் பிடித்திருக்கும் கட்டை) பின்விளிம்புக்கு அடியில் ஒரு தாளைச் செருகிப் பார்த்தேன்; தடையே இல்லாமல் பாதிவரை போயிற்று. பின்னால் பலகை புடைத்து, ஒலித்துளைப் பக்கம் குழிந்திருந்தது. ஸ்டீல் மாட்டி மூன்றே வாரமாம். விற்றவரே மாட்டிக் கொடுத்து, "ஒன்றும் ஆகாது" என்றாராம். எனக்கு வயிறு எரிந்தது. பிரிட்ஜைத் திரும்ப ஒட்டிவிடலாம், புடைத்த பலகையை முழுசாகச் சரிசெய்வது கடினம். சத்தம் வேண்டுமானால் ஹை டென்ஷன் நைலானோ கார்பனோ போடுங்கள். உறையைப் பிரிக்கும் முன் அட்டையைப் படியுங்கள்.

கே: 80/20 பிரான்ஸ், பாஸ்பர் பிரான்ஸ் - என்ன வேறுபாடு?

இரண்டும் அக்கூஸ்டிக் கம்பிகள். 80/20 (80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம்) பளிச்சென்று ஒலித்துச் சீக்கிரம் மங்கும். பாஸ்பர் சற்றுக் கனிந்த ஒலி, நாளும் கூடுதலாகத் தாங்கும்.

கே: மிச்சமிருக்கும் பிரான்ஸ் செட்டை எலெக்ட்ரிக்கில் போடலாமா?

வேண்டாம். மேலே சுற்றிய வெண்கலம், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்பின் காந்தத்துக்குப் பிடிபடாது, உள்ளிருக்கும் ஸ்டீல் மட்டுமே பிடிபடும். தடித்த கம்பிகள் அமுங்கி, மெல்லியவை கத்தும். நிக்கல் பூசிய ஸ்டீல் வாங்குங்கள். இங்கேயும் அதேதான்: அட்டையைப் படியுங்கள்.

கே: முதல் கம்பி மட்டும் அடிக்கடி அறுகிறது. கம்பெனியை மாற்றவா?

அறுந்த துண்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பிரிட்ஜ் பக்கமே அறுந்திருந்தால், அங்கே கம்பி உட்காரும் சாடிலில் பிசிர் இருக்கும். 600 நம்பர் உப்புத்தாளை மடித்து, அந்தப் பள்ளத்தில் இரண்டு தடவை இழுத்தால் போதும்.