மனைவியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை

கேள்வி: வருகிற தை மாதத்தோடு என் மனைவி இறந்து வருஷம் திரும்புகிறது. தலைத்திவசத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்க அவளைப் பற்றிச் சின்னப் புத்தகம் போடலாம், நீங்களே எழுதுங்கள் என்கிறார்கள் பிள்ளைகள். ‘அன்பான மனைவி, பாசமிகு தாய், அருமைப் பாட்டி’ என்பதோடு நிற்கிறேன். அவள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. வயலும் அடுப்படியும்தான். பால் கணக்குக்கு அவள் போட்ட கரிக்கோடுகள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சுவரில் அப்படியே இருக்கின்றன. திவசத்துக்குள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். என்னதான் எழுதுவது?
- வாசகர், நீடாமங்கலம் பக்கம்

பதில்: ஐயா, முதலில் வெள்ளையடிக்க வருகிறவரிடம் அந்தச் சுவரைத் தொடக் கூடாது என்று சொல்லி வையுங்கள். பகல் வெளிச்சத்தில் அதைப் போட்டோ எடுத்துப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாமலே ஒரு வீட்டை நிர்வாகம் செய்தவரின் கையெழுத்து அது.

மனைவி, தாய், பாட்டி என மூன்று பேரையும் நீங்களே எழுதப் பார்க்கிறீர்கள். அதனால்தான் கை ஓடவில்லை. தாயைப் பிள்ளைகள் எழுதட்டும், பாட்டியைப் பேரப்பிள்ளைகள் எழுதட்டும். கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு வந்த அந்தச் சின்னப் பெண்ணை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. நீங்கள் எழுதாவிட்டால் அவரைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

வருஷம் சரியாக ஞாபகம் இல்லையா? ரேஷன் கார்டு வயதை நம்பாதீர்கள். ஊருக்கு வந்த நல்லது கெட்டதை வைத்துக் கணக்குப் போடுங்கள். 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரையைக் கடந்ததே புயல், கல்யாணம் அதற்கு முன்பா பின்பா? 1992 மகாமகத்துக்குக் கும்பகோணம் போனீர்களா, யார் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்கினார்? 2018-இல் கஜா அடித்த ராத்திரி வீட்டில் யார் யார் இருந்தார்கள்? ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காமல் குறுவை போன வருஷங்களில் அவருடைய எந்த நகை அடகுக்குப் போனது, எப்போது மீண்டது?

அந்த நகையைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். நம் டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் உரத்துக்கும் நடவுக்கூலிக்கும் பணம் பெண்களின் தோட்டிலிருந்தும் சங்கிலியிலிருந்தும்தான் வந்தது. மகசூலைப் பற்றிப் பேசும்போது அதை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதில் தீராத ஆதங்கம்.

அவரோடு வயலில் இறங்கிய பெண்கள் தெருவில் இருப்பார்கள். திண்ணையில் உட்காரவைத்துக் கேளுங்கள். நடவுப்பாட்டை யார் எடுத்துக் கொடுத்தது, சம்பா அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்தைப் பிடுங்கப் போனால் மதியம் என்ன சாப்பாடு கொண்டு வருவார், யாரோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்தார்... உங்களுக்கே தெரியாதது வரும். அவருடைய கோபத்தையும் எழுதுங்கள். கோபமே படாத அம்மா என்று அச்சிட்டால் பிள்ளைகளே நம்ப மாட்டார்கள். ஆஸ்பத்திரி நாட்களுக்கு இரண்டு வரி போதும்.

பேனா பிடிக்க முடியவில்லை என்றால் பேசுங்கள். பேத்தி போனில் பதிவு செய்து எழுதித் தரட்டும். கல்யாணமான புதிதில் பாட்டி உங்களிடம் முதன்முதலாக என்ன பேசினார் என்பதிலிருந்து கேட்கச் சொல்லுங்கள். மார்கழியில் அச்சகங்கள் காலண்டர் வேலையில் மூழ்கிவிடும். கார்த்திகைக்குள் கொடுத்துவிடுங்கள்.