ஆய்வேடு தேடும் வழி

கேள்வி: நாஞ்சில் நாட்டுக் குளத்துப் பாசனம் பற்றி முன்பே ஆய்வு நடந்திருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாமா? (வாசகி, தக்கலை)

பதில்: பார்க்கலாம். பல்கலைக்கழக நூலகங்களை இணையத்தில் இணைக்கும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் 'சோத்கங்கா' தளத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழில் மட்டும் தட்டிவிட்டு 'ஒன்றுமில்லை' என்று எழுந்துவிடாதீர்கள். பல தலைப்புகள் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டவை. நாஞ்சில் நாடு அடங்கிய கன்னியாகுமரியையே ஒற்றை 'n' (Kanyakumari), இரட்டை 'n' (Kanniyakumari) என இரு விதமாகவும் தேட வேண்டும். இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சான ஆய்வேட்டுக்குள் சொல் தேடினால் சிக்காது. இயல்கள் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். பொருளடக்கத்தையும் துணைநூற்பட்டியலையும் முதலில் திறங்கள். பட்டியல்தான் உண்மையான புதையல்: அரசாணை, கல்வெட்டு, பழைய ஆய்வேடு எல்லாம் அங்கே அகப்படும்.

2009க்கு முந்தையவை அங்கே குறைவு. அவற்றுக்குப் பல்கலைக்கழக நூலகம்தான் கதி. எந்த நூலகம் என்பதை ஆண்டு சொல்லும். குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1. அதற்கு முந்தையதென்றால் திருவனந்தபுரம். பிறகு சென்னை, 1966இல் தொடங்கிய மதுரை, 1990 முதல் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார். எம்.ஃபில். ஆய்வேடுகளுக்கு அந்தந்தக் கல்லூரி நூலகத்தில் கேளுங்கள்.