இடுப்பு பிடிச்சுக்குது, ஆட்டத்தை விட மனசில்லை

வாசகர் கேள்விகளுக்கு பிசியோதெரபிஸ்ட் பதில்

கேள்வி: எனக்கு 66 வயது. வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்று வேலந்தாவளத்தில் இருக்கிறேன். சனி, ஞாயிறு விடிகாலையில் காரை எடுத்துக்கொண்டு செட்டிபாளையம் போய் கோல்ஃப் ஆடுவேன். ஆடும்போது ஒன்றும் தெரிவதில்லை சார். மறுநாள் காலையில் செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியவில்லை. ஸ்கேனில் கீழ் முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். வீட்டில் எல்லாரும் ‘இந்த வயசுக்கு மேல எதுக்கு’ என்கிறார்கள். விட்டுவிடத்தான் வேண்டுமா?

பதில்: விட வேண்டாம். அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் படித்து பயந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அறுபதைத் தாண்டியவர்களில் முதுகுவலியே இல்லாதவர்களைக் கூட்டிவந்து ஸ்கேன் எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல் டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும். தலை நரைப்பது மாதிரி அதுவும் வயசோடு வருவதுதான், அதனால் எல்லா வலிக்கும் அதன்மேல் பழி போட வேண்டாம்.

கோல்ஃப் ஸ்விங்கில், அதாவது மட்டையை வீசுகிற அசைவில், உடம்பு முக்கியமாகத் திரும்ப வேண்டியது இரண்டு இடத்தில்: தொடை எலும்பு இடுப்பில் பொருந்துகிற மூட்டு, அப்புறம் மார்புக்கூட்டுக்குப் பின்னால் இருக்கிற மேல் முதுகு. கீழ் முதுகின் ஐந்து எலும்பும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்கு 10, 15 டிகிரிக்கு மேல் திரும்பாது, குனிந்து நிமிர்வதுதான் அதற்குத் தெரிந்த வேலை. பல வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவருக்கு இடுப்பு மூட்டும் மேல் முதுகும் இறுகிக் கிடக்கும், ஆனால் டிரைவர் என்கிற நீள மட்டையைக் கையில் எடுத்ததும் இளம் வயதில் திரும்பிய அளவுக்கே இப்போதும் திரும்பப் பார்ப்பார், குறைகிற திருப்பத்தையெல்லாம் கீழ் முதுகு கொடுத்தாக வேண்டும். மறுநாள் காலையில் நீங்கள் அனுபவிப்பது அதைத்தான்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்காருங்கள், முட்டியை அசைக்காமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். முதலில் வலது, அப்புறம் இடது. வலது கை ஆட்டக்காரருக்கு இடது இடுப்பு மூட்டுதான் பந்தை அடித்த பிறகு முழு உடம்பையும் தாங்கித் திரும்ப வேண்டிய மூட்டு. இடது பாதம் கொஞ்சம்தான் நகர்கிறது, இடுப்பே சேர்ந்து தூக்கிக்கொள்கிறது என்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. அடுத்து ஒரு துண்டை மார்புக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, நாற்காலியில் நேராக உட்கார்ந்து, இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். இந்த இரண்டையுமே தினமும் காலையிலும் மாலையிலும் பக்கத்துக்குப் பத்து தடவை மெதுவாகச் செய்தால் அதுவே பயிற்சி. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இரண்டு முட்டியையும் சேர்த்து இடமும் வலமும் சாய்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மைதானத்தில் உடனே செய்யக்கூடிய மாற்றங்களும் உண்டு. நிற்கும்போது இடது பாதத்தின் விரல்களைக் கொஞ்சம் இலக்குப் பக்கமாகத் திருப்பி வையுங்கள், இடுப்பு மூட்டின் வேலை அந்த அளவுக்குக் குறையும். மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போது இடது குதிகால் தானாகத் தூக்கினால் தூக்கட்டும், தரையோடு அழுத்திப் பிடிக்காதீர்கள். ஜாக் நிக்லாஸ், டாம் வாட்சன் மாதிரி அமெரிக்க கோல்ஃப் சாம்பியன்கள் எல்லாம் குதிகாலைத் தூக்கி அடித்தவர்கள்தான். ஸ்விங்கை முக்கால் அளவுக்குச் சுருக்குங்கள், பந்து பத்துப் பதினைந்து கெஜம் குறைவாகப் போகும், போகட்டுமே.

அப்புறம் அந்த கார் சமாசாரம். விடிகாலையில் படுக்கையை விட்டு எழுந்து, காரில் உட்கார்ந்தபடியே போய் இறங்கி, நேராக முதல் பந்தை அடிக்கிற ‘டீ’ இடத்துக்குப் போய் டிரைவர் மட்டையை வீசுவது என்றால் அதற்கு எந்த முதுகும் தாங்காது. பத்து நிமிஷம் முன்னதாகப் போங்கள். வேகமாக நடங்கள், மட்டையைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், தோளைச் சுழற்றுங்கள், பிறகு சின்ன அயர்ன் மட்டையை எடுத்து அரை ஸ்விங்கில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுங்கள். ஒரே நிலையில் இழுத்துப் பிடித்து நிற்கிற ஸ்ட்ரெச்சிங்கை ஆட்டத்துக்கு முன்னால் நீட்டாதீர்கள், தசையின் வேகத்தை அது குறைக்கும். ஆட்டம் முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம்.

‘கோல்ஃப் ஆடுவதே உடற்பயிற்சிதானே, தனியாக வேறு எதற்கு’ என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. நடப்பது இதயத்துக்கு ரொம்ப நல்லது. ஆனால் வயது ஏற ஏறக் கரைகிற தசையை அந்த ஆட்டம் மட்டும் திருப்பித் தராது, அதைத் தனியாகத்தான் சம்பாதிக்க வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது: வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உழைப்பு, அதோடு வாரம் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்பதற்கும் தசை பலத்துக்கும் சேர்த்துப் பயிற்சி. ஜிம் தேவையில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது பத்து தடவை, மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது பத்து தடவை, பல் தேய்க்கும்போது சுவர் பக்கத்தில் ஒற்றைக்காலில் நிற்பது. இதைத் திங்கள், புதன், வெள்ளி செய்தாலே ரெண்டு மாசத்தில் வித்தியாசம் தெரியும்.

ஒன்றே ஒன்று. வலி ஒரு காலில் இறங்கி பாதம் மரத்துப்போவது, கால் தூக்க முடியாமல் இழுப்பது இருந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: வலது முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது. ‘கோல்ஃபர்ஸ் எல்போ’ என்றார்கள். முறிவெண்ணெய் தேய்த்து வருகிறேன், பெல்ட்டும் போடுகிறேன். தேய்த்த அன்றைக்கு நன்றாக இருக்கிறது, மறுபடி வந்துவிடுகிறது. ஊசி போட்டுக்கொள்ளட்டுமா? வயது 58, பாலக்காடு சித்தூர்.

பதில்: எண்ணெயும் தடவலும் நம் பக்கத்து வைத்தியம், நான் அதைக் குறை சொல்லப்போவதில்லை. சுகமாக இருக்கும், நன்றாகத் தூங்கலாம். ஆனால் உங்கள் பிரச்சினை தசைநார் எலும்போடு ஒட்டுகிற இடத்தில் பலம் குறைந்துபோனது, மேலே தேய்ப்பதால் அது பலப்படாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்தால்தான் பலப்படும்.

அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கையை மேஜைமேல் வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டு மட்டும் மேஜை விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். இடது கையால் பாட்டிலை மேலே தூக்கி விடுங்கள். இறக்குவதை மட்டும் வலது கை தனியாகச் செய்யட்டும், ஐந்து எண்ணுகிற வரைக்கும் மெதுவாக. பதினைந்து தடவை, கொஞ்சம் இளைப்பாறி மறுபடி, மொத்தம் மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். லேசாக வலிக்கும், வலிக்கட்டும். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் மட்டும் தண்ணீரைக் குறையுங்கள். ஆறில் இருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், மூணாவது வாரத்தில் ‘ஒண்ணும் ஆகலையே’ என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரத்துக்கு அற்புதமாகக் கேட்கும். முழங்கை வெளிப்பக்க வலிக்கு அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் போடாதவர்களைவிட மோசமாக இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அதனால் முதல் வேலையாக ஊசிக்குப் போகாதீர்கள்.

மட்டையின் பிடியையும் பாருங்கள். ரப்பர் காய்ந்து வழுக்கிப்போன பிடியை யாரும் அறியாமலே இறுக்கிப் பிடிப்பார்கள், அந்த இறுக்கம் முழுவதும் முழங்கைக்குத்தான் போகும். பிடியை மாற்றுங்கள், கொஞ்சம் தடிமனாகவே போடச் சொல்லுங்கள். அயர்ன்களில் ஸ்டீல் தண்டுக்குப் பதில் கிராஃபைட் தண்டு இருந்தால் அதிர்வு குறையும். சிமெண்ட் தரைமேல் மெல்லிய மேட் விரித்து நூறு பந்து அடிக்கிற பழக்கம் இருந்தால் இப்போதைக்கு நிறுத்துங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. எஸ்டேட்டில் வேலை பார்த்தவர், மூணாறில் இருக்கிறோம். இன்னும் 9 ஹோல், அதாவது பாதி ஆட்டம், நடந்தே ஆடுகிறார். கிளம்பும் முன் டைக்ளோஃபெனாக் மாத்திரை ஒன்று போட்டுக்கொள்கிறார், ‘அப்பத்தாம்மா முட்டி கேக்குது’ என்கிறார். பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ஆபத்து இல்லையே?

பதில்: ஆபத்து இருக்கிறதம்மா. பிரஷர் மாத்திரைகளில் பல வகைகளோடு இந்த வலி மாத்திரை சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையும், வியர்த்து தண்ணீர் வற்றிய உடம்பில் இன்னும் மோசம். பிரஷரையும் ஏற்றிவிடும், வயிற்றில் புண் உண்டாக்கும். இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இது இன்னும் ஆகாது. அதைவிட எனக்குக் கவலை, வலி என்பது முட்டி கொடுக்கிற தகவல், அதை மறைத்துக்கொண்டு மேடும் பள்ளமுமாக 9 ஹோல் நடந்தால் எங்கே நிறுத்துவது என்று அவருக்கே தெரியாது. எந்த மாத்திரைகளை எல்லாம் சாப்பிடுகிறார் என்று அட்டைகளோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். முட்டிமேல் தடவுகிற ஜெல்லில் ரத்தத்துக்குப் போகிற மருந்து ரொம்பக் குறைவு, பாராசிட்டமாலும் இருக்கிறது. எது ஒத்துவரும் என்று டாக்டரே சொல்லட்டும்.

சுகருக்குச் சாப்பிடுவது கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரை என்றாலோ இன்சுலின் என்றாலோ, வெறும் வயிற்றில் ஆடப் போகக்கூடாது. இரண்டு இட்லியாவது சாப்பிட்டுப் போகட்டும், சட்டைப் பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட வேண்டும். நடக்கும்போது நெஞ்சு அடைத்து, நின்றால் சரியாகிறது என்று அப்பா எப்போதாவது சொல்லியிருந்தால், அதை வாயு என்று விடாதீர்கள், அடுத்த ஆட்டத்துக்கு முன் இருதய டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

மூணாறு குளிரில் மூட்டு இளக நேரம் எடுக்கும், வெயில் ஏறியபிறகு ஆடச் சொல்லுங்கள். பேக்கைத் தோளில் மாட்டாமல் தள்ளுவண்டியில் வைத்து முன்னால் தள்ளிக்கொண்டு போகட்டும், பின்னால் இழுத்தால் தோளும் இடுப்பும் முறுக்கிக்கொள்ளும். அப்பாவைத் தடுக்காதீர்கள். 71 வயதில் நடந்தே ஆடுகிறவரை வீட்டில் உட்கார வைத்தால் அந்த முட்டி இன்னும் சீக்கிரம் போகும்.

கேள்வி: இடது முட்டி மாற்று அறுவை முடிந்து நான்கு மாதம். மறுபடி ஆடலாமா? வயது 69, ஆந்திரா சித்தூர்.

பதில்: முட்டி மாற்றிய பிறகு கோல்ஃப் ஆட பெரும்பாலான அறுவை நிபுணர்கள் அனுமதிக்கிறார்கள். உங்கள் டாக்டர் சரி என்றதும் பட்டிங் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவது), சின்ன ஷாட் என்று ஆரம்பித்து, பிறகுதான் முழு ஸ்விங். வலது கை ஆட்டக்காரருக்கு இடது முட்டிதான் திருப்பத்தின் முறுக்கை வாங்கும், அதனால் தரையைக் கவ்விப் பிடிக்கிற ஆணி ஷூ வேண்டாம், பாதம் கொஞ்சம் சுழலட்டும். மாடிப்படி ஏறி இறங்கத் தடுமாற்றம் இல்லாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டாம் வாட்சன் 2008 அக்டோபரில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு, அடுத்த ஜூலையில், 59 வயதில், ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்துக்கு பிளேஆஃப் (சமநிலையை முறிக்கிற கூடுதல் ஆட்டம்) வரை போனார். அவருடைய உடம்பும் பயிற்சியும் வேறு, ஆனாலும் மாற்று மூட்டு ஆட்டத்தின் முடிவு இல்லை.

கேள்வி: மார்ச், ஏப்ரல் வெயிலில் 18 ஹோல் நடக்கலாமா, பக்கியில் (மைதானத்துக்குள் ஓட்டுகிற சின்ன வண்டியில்) போவதா? கஞ்சிக்கோடு.

பதில்: 18 ஹோல் நடந்தால் எட்டு, பத்து கிலோமீட்டர் ஆகும். பாலக்காட்டு வெயிலில் அதை வெயில் ஏறுவதற்குள் முடிக்க முடியாவிட்டால் 9 ஹோலோடு நிறுத்துங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள், முடிந்ததும் நம் சம்பாரம் என்கிற மோர் ஒரு டம்ளர். பிரஷர் உள்ளவர்கள் அதில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 62 வயது. கணவரோடு சேர்ந்து புதிதாகக் கற்றுக்கொள்ள ஆசை. எலும்புத் தேய்மானம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூடாதா? கொழிஞ்சாம்பாறை.

பதில்: மூட்டுத் தேய்மானமா, எலும்பு அடர்த்தி குறைந்ததா என்று முதலில் டாக்டரிடம் தெளிவாகக் கேளுங்கள், இரண்டையும் மக்கள் ஒரே பெயரில்தான் சொல்கிறார்கள். மூட்டுத் தேய்மானம் என்றால் தாராளமாக ஆரம்பிக்கலாம். அடர்த்தி குறைவு என்றால் குனிந்தபடி முறுக்குவதுதான் முதுகெலும்புக்கு ஆபத்து, அதனால் முழு ஸ்விங் எப்போது என்பதை டாக்டர் அளவுகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை பட்டிங்கும் கிரீன் (குழி இருக்கிற புல்தரை) ஓரத்துச் சின்ன ஷாட்டும் கற்றுக்கொள்ளுங்கள், ஆட்டத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. குழியில் இருந்து பந்தை எடுக்கும்போது முதுகை வளைக்காதீர்கள்: ஒரு கையால் பட்டர் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ஒரு காலைப் பின்னால் நீட்டி, முதுகு நேராக இருக்கும்படி இடுப்பில் இருந்து சாய்ந்து எடுங்கள். அதுவும் சிரமம் என்றால் பட்டரின் பிடி முனையில் மாட்டுகிற சின்ன ரப்பர் கிண்ணம் கிடைக்கிறது, பந்தை அதுவே கவ்வி எடுத்துவிடும். கணவருக்கும் சேர்த்து இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.