வாசகர் கேள்வி – பதில்: பெட்ரோல் செலவும் மின்சார காரும்

பெட்ரோல் செலவைப் பற்றியும் மின்சார காருக்கு மாறுவதைப் பற்றியும் வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கச்சா எண்ணெய் விலை ஏறினால் நம் ஊரிலும் விலை ஏறுகிறது. இறங்கினால் மட்டும் ஏன் இறங்குவதில்லை? பிறகு எதற்குத் தினசரி விலை நிர்ணயம்?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, பெட்ரோல் விலையை நிர்ணயிக்கும் பொறுப்பிலிருந்து மத்திய அரசு 2010 ஜூனிலும், டீசலிலிருந்து 2014 அக்டோபரிலும் விலகிக்கொண்டது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் காலை 6 மணிக்குப் புதிய விலை என்பது நடைமுறை. ஆனால் 2021 நவம்பரில் சென்னையில் 101 ரூபாய் 40 காசாக இருந்த பெட்ரோல், ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடியும்வரை நான்கு மாதங்களுக்கு மேல் ஒரு காசுகூட அசையாமல் நின்று, 2022 மார்ச் 22-இல் நகரத் தொடங்கி, சுமார் இரண்டே வாரங்களில் 110 ரூபாய் 85 காசைத் தொட்டது. தினசரி நிர்ணயம் எந்த நாட்களில் வேலை செய்கிறது என்பதை இதிலிருந்தே தாங்கள் கண்டுகொள்ளலாம்.

இறங்காமைக்கு வரியின் அமைப்பும் ஒரு காரணம். மத்திய கலால் வரி விலையில் இத்தனை சதவீதம் என்று இல்லாமல், லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று இருப்பதால், கச்சா எண்ணெய் பாதி விலைக்கு வந்தாலும் அந்தத் தொகை குறையாது. தமிழ்நாட்டின் மதிப்புக்கூட்டு வரியிலும், 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்தபோது அமைந்த முறைப்படி, 13 சதவீதத்துடன் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு என்ற நிலையான பகுதி உண்டு. போதாக்குறைக்கு, 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் மலிந்தபோது கலால் வரி லிட்டருக்கு 2 ரூபாய் உயர்த்தப்பட்டது. பெட்ரோல் பங்க்கில் விலை மாறாததால் பலர் அதைக் கவனிக்கவே இல்லை. நமக்கு வந்து சேர வேண்டிய விலைக்குறைவு வழியிலேயே இறங்கிவிட்டது.

நானும் கணவரும் ஒரே காரில் வேலைக்குப் போய் வருகிறோம். மாதம் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு ஆறாயிரத்து எழுநூறு ரூபாய் வரை போகிறது. மின்சார கார் வாங்கினால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது என்கிறார் ஷோரூம்காரர். சொந்த வீடு, இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடுகிறது. நம்பி வாங்கலாமா?
– பள்ளி ஆசிரியை, வேலூர்

வாங்கலாம், ஆனால் ஷோரூம்காரரின் கணக்கை நம்பி வாங்க வேண்டாம். ஒரு யூனிட் 4 ரூபாய் 80 காசு, ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர், ஆகவே கிலோமீட்டருக்கு 70 பைசா என்று அவர் போட்டிருப்பார். தங்கள் வீட்டு மீட்டரில் கார் அந்தக் குறைந்த விலை யூனிட்டில் வந்து உட்காராது. ஏற்கெனவே ஓடும் 600 யூனிட்டின் தலைமேல் ஏறி உட்காரும். மின்வாரியத்தின் கட்டண அடுக்கில் மேலே போகப்போக யூனிட் விலை ஏறும் என்பது தாங்கள் அறிந்ததே.

இரண்டு மாதத்துக்கு 2,000 கிலோமீட்டர் என்றால், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் வீதம் 286 யூனிட் வேண்டும். சார்ஜ் ஏறும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 320 யூனிட் வரை ஓடும். கார் திரையில் தெரியும் கணக்கு வேறு, மின்வாரிய மீட்டர் காட்டும் கணக்கு வேறு. 2024 ஜூலையில் அறிவித்த கட்டணப்படி 601 முதல் 800 வரை யூனிட்டுக்கு 9 ரூபாய் 65 காசு, 801 முதல் 1,000 வரை 10 ரூபாய் 70 காசு. அப்படியானால் முதல் 200 யூனிட்டுக்கு 1,930 ரூபாயும் மீதி 120 யூனிட்டுக்கு 1,284 ரூபாயும் சேர்ந்து 3,214 ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 60 காசு. ஷோரூம் கணக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல்; ஆனாலும் இதே தூரத்துக்குத் தாங்கள் இன்று பெட்ரோலுக்குக் கொடுக்கும் 13,400 ரூபாயில் கால் பங்குகூட இல்லை. மாதம் 5,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மிச்சம் எதை அடைக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். ஒரே அளவுள்ள பெட்ரோல் காருக்கும் மின்சார காருக்கும் விலை வித்தியாசம் 3 லட்சம் என்றால், அதை ஈடுகட்ட ஐந்து வருடம் பிடிக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கி, அதன்மேல் இருந்த கூடுதல் வரியும் நீங்கியது. மின்சார காருக்கு முன்பிருந்த 5 சதவீதமே தொடர்வதால் இடைவெளி சற்று அகன்றிருக்கிறது. என்ஜின் ஆயில், கிளட்ச் போன்ற செலவுகள் இல்லை. ஆனால் வண்டியின் எடையால் டயர் சீக்கிரம் தேயும். மூன்றாம் நபர் காப்பீட்டில் 15 சதவீதச் சலுகை உண்டு. வண்டியின் மதிப்பு கூடுதல் என்பதால் முழுக் காப்பீட்டின் பிரீமியம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். தமிழக அரசின் சாலை வரி விலக்கு காலக்கெடுவோடு வருவது; முன்பணம் கட்டுமுன் அது நடப்பில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

தங்கள் நிலையில் கணக்கு நேராகிவிடுகிறது. இதையே மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டுபவர் கேட்டிருந்தால், இருக்கிற காரையே வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். அவருக்கு அந்த 3 லட்சம் திரும்பி வரப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும்.

புதிய காரின் சார்ஜரை வீட்டில் சொருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது, சார்ஜ் ஏறவில்லை. வீட்டு வயரிங் கோளாறு என்கிறார்கள் விற்றவர்கள். அதே பிளக்கில் கிரைண்டர் நன்றாக ஓடுகிறதே என்கிறார் எலக்ட்ரீஷியன். யார் சொல்வது சரி?
– ஜவுளி வியாபாரி, கரூர்

பெரும்பாலும் விற்றவர்கள் சொல்வதே சரியாக இருக்கும். எங்கள் வீட்டிலும் முதல் நாள் இதே கதைதான். கிரைண்டருக்கு எர்த் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அது பாட்டுக்குச் சுற்றும். கார் சார்ஜரோ எர்த் சரியாக இல்லாவிட்டால் மின்சாரத்தையே உள்ளே விடாது. அது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. எங்கள் கொல்லையில் துளசி மாடத்துக்குப் பின்னால் இருந்த எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தபோது, உப்பும் கரியும் கட்டிதட்டி, குழாயில் சுற்றியிருந்த கம்பி துருப்பிடித்து, தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. வீடு கட்டிய வருடத்துக்குப் பிறகு அதில் யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. புதிய எர்த் போட்ட அன்று மாலையே பச்சை விளக்கு எரிந்தது.

தாங்களும் காருக்கென்று தனி எர்த், மெயின் போர்டிலிருந்து தனி வயர், சுமை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி எம்.சி.பி., மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவற்றைப் போட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்து ஜன்னல் வழியாக வயரை இழுக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 15 ஆம்பியர் பிளக்கில் ஏழெட்டு மணி நேரம் முழுச் சுமையில் ஓடுவது அயர்ன்பாக்ஸ் ஓடுவதைப் போன்றதல்ல. பிளக்கின் முனை இளகிவிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் என் பார்க்கிங்கில் சார்ஜர் பொருத்தச் சங்கம் அனுமதி மறுக்கிறது. வழி உண்டா?
– வங்கி ஊழியர், அம்பத்தூர்

சங்கத்தினர் பயப்படுவது இரண்டு விஷயங்களுக்கு: பொது மீட்டரின் பில், தீ. முதலாவதற்கு வழி எளிது. மீட்டர் அறையில் இருக்கும் தங்கள் சொந்த மீட்டரிலிருந்தே குழாய் வழியாக வயர் இழுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும் இணைப்பிலேயே வாகனத்துக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்பதை மத்திய மின்துறையின் வழிகாட்டு நெறிமுறைகள் 2022 ஜனவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டன. இப்போது நடப்பில் உள்ள நெறிமுறைகளின் நகலை விண்ணப்பத்துடன் இணையுங்கள். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் சான்றையும் சேர்த்துக் கொடுத்தால், தீயைப் பற்றிய பேச்சும் ஓரளவு அடங்கும். சண்டையாகத் தொடங்காமல், அடுத்து வாங்கவிருக்கும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போவது நல்லது. அனுமதி எழுத்தில் கிடைக்குமுன் காரை வாங்கிவிடாதீர்கள்; வீட்டில் சார்ஜ் செய்ய முடியாதவருக்கு மேலே போட்ட கணக்கு எதுவும் பொருந்தாது.

மாதம் இரண்டு முறை சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போய் வருகிறேன். ஊருக்குள் அதிகம் ஓட்டுவதில்லை. மின்சார கார் எனக்கு ஒத்துவருமா?
– ஒப்பந்ததாரர், தாம்பரம்

வண்டி ஒத்துவரும், சிக்கனம் ஒத்துவராது. நெடுஞ்சாலையில் ஏ.சி. போட்டு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர்தான் கிடைக்கும். அங்கே உள்ள வேகச் சார்ஜர்களில் யூனிட் 20 ரூபாய்க்கு மேல் என்பது சாதாரணம். 22 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 ரூபாய் 67 காசு. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் டீசல் கார் ஏறத்தாழ நாலரை ரூபாயில் ஓடிவிடும். ஒரு ரூபாய்கூடத் தேறாத இந்த வித்தியாசத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பது தங்கள் விருப்பம்.

45 யூனிட் பிடிக்கும் பேட்டரியை 10 சதவீதத்துக்குக் கீழே விடாமல், வழியில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் ஓட்டினால் இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே 190 கிலோமீட்டர்தான் வரும். விளம்பரத்தில் போடும் தூரம் சோதனைக்கூடத்தில் எடுத்தது. வழியில் மூன்று நிறுத்தம், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாட்களில் இது சாப்பாட்டு நேரத்தோடு கழிந்துவிடும். பண்டிகை நாட்களில் அப்படியல்ல. ஒரு பொங்கலுக்கு முந்தைய நாள் இரவு, விழுப்புரம் தாண்டி ஓர் ஓட்டல் வளாகத்தில் இரண்டு துப்பாக்கி (காரில் சொருகும் சார்ஜிங் முனை) இருந்த சார்ஜரில் ஒன்று பழுது; எனக்கு முன்னால் மூன்று கார்கள். முதல் காரின் சொந்தக்காரர் 80 சதவீதத்தில் எடுக்காமல் 100 வரை ஏறட்டும் என்று குடும்பத்தோடு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 80-க்கு மேல் ஏறுவது நத்தை வேகம் என்பது அவருக்குத் தெரியாதோ, தெரிந்தும் அப்படியோ! என் முறை வர இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து வரும் மின்சாரத்தில் கார் ஓட்டுவதில் சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்?
– கல்லூரி மாணவர், கடலூர்

நிலக்கரி மின்சாரத்தில் மட்டுமே ஓடினால் கரியமில வாயுவில் பெரிய லாபம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுவதும், கமுதியில் வெயில் மின்சாரமாவதும் அதே கம்பியில்தான் வருகின்றன. அந்தப் பங்கு கூடக்கூட, ஏற்கெனவே ஓடும் காரும் தானாகவே தூய்மையாகும். பெட்ரோல் கார் அப்படி மாறாது. தவிர, இந்தியா தன் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

எட்டு வருடத்தில் பேட்டரி செத்துவிடும், பிறகு காரைக் காயலான் கடையில்தான் போட வேண்டும் என்கிறார்களே?
– இல்லத்தரசி, திண்டுக்கல்

எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பல நிறுவனங்கள் தரும் உத்தரவாதத்தின் எல்லை. பேட்டரியின் ஆயுள் அல்ல. பேட்டரி ஒரே நாளில் நிற்பதில்லை, கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறையும். எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், வண்டி கைமாறினால் உத்தரவாதமும் கூடவே போகுமா என்ற இரண்டையும் புத்தகத்தில் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நம் ஊர் வெயிலில், முழுச் சார்ஜுடன் நாள் முழுக்க வெட்டவெளியில் நிறுத்துவதைத் தவிர்ப்பது நல்லது. பழைய மின்சார கார் பார்க்கிறீர்கள் என்றால், ஓடிய கிலோமீட்டரைக் கேட்பதற்கு முன்னால், பேட்டரியில் மீதமிருக்கும் கொள்ளளவைச் சர்வீஸ் நிலையத்தில் சோதித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு விலை பேச வேண்டாம்.