வீட்டில் பதிவு செய்த கிட்டாருக்கு ரிவெர்ப்: கேள்வி பதில்

அகூஸ்டிக் கிட்டார், வீட்டுப் பதிவு, ரிவெர்ப் (பதிவில் ஓர் அறையின் முழக்கத்தைச் சேர்ப்பது). இந்த மூன்றுக்குள் கேளுங்கள். பெடல், ஆம்ப் என்றால் ஆளை விடுங்கள்.

ஆறுகம்பி: படுக்கையறையில் ஒரு காண்டென்சர் மைக் வைத்துப் பதிவு செய்கிறேன். ரிவெர்ப் போட்டதும் கிட்டார் கிணற்றுக்குள் போய்விடுகிறது. ஏன் சார்?

ரிவெர்ப் மீது தப்பில்லை. உங்கள் பதிவுக்குள் ஏற்கெனவே ஓர் அறை உட்கார்ந்திருக்கிறது. சுவர் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி போய்த் திரும்ப 6 மில்லிசெகண்ட் அளவுதான் ஆகும். அவ்வளவு சீக்கிரம் வருவதைக் காது தனியாகப் பிரிக்காது. அது நேரடி ஒலியோடு கலந்து சில அதிர்வெண்களைத் தின்றுவிடும். அந்த டப்பா சத்தம் அதுதான். அதன் மேல் ஹால் ரிவெர்ப் (பெரிய அரங்கின் முழக்கம்) போட்டால், ஹாலுக்குள் டப்பா ஒலிக்கும்.

மைக்கை நடுத்துளைக்கு நேரே வைக்காதீர்கள். கிட்டாரின் வயிற்றுக் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கம் முழங்கும், அது அப்படியே மைக்கில் ஏறும். 12-ஆவது ஃப்ரெட்டைப் பார்த்து ஒன்றேகால் சாண் தள்ளி வையுங்கள். அப்புறம், மைக் உங்களைப் பார்க்கிறது என்றால் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் பார்க்கிறது. எல்லோரும் மைக்குக்குப் பின்னால் மெத்தையை நிறுத்துகிறார்கள். முதலில் வேண்டியது உங்களுக்குப் பின்னால். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்தது. ஃபேனை அணையுங்கள்.

இதற்குப் பிறகு ரிவெர்ப். ப்ரீ-டிலே (ரிவெர்ப் தொடங்கும் முன் விடும் இடைவெளி) 20 மில்லிசெகண்ட்: ஒலி ஏறக்குறைய 7 மீட்டர் போகும் நேரம். நேரடி ஒலி முதலில் தெளிவாக வந்துவிடும், அறை பின்னால் வரும். டிகே (முழக்கம் கரைய ஆகும் நேரம்) ஒன்று முதல் ஒன்றரை செகண்ட். ரிவெர்பில் மட்டும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 7,000-க்கு மேலேயும் வெட்டுங்கள். நிஜ அறையிலும் காற்றும் திரைச்சீலையும் மேல் ஒலியைத்தான் முதலில் விழுங்கும். கடைசியாக, ரிவெர்ப் காதுக்குத் தெரியும் அளவுக்கு ஏற்றி, அங்கிருந்து 2, 3 டெசிபல் இறக்கிவிடுங்கள்.

மொட்டைமாடி: ரிவெர்புக்கு எந்த ப்ளக்-இன் (பதிவு மென்பொருளில் சேர்க்கும் துணை நிரல்) நல்லது?

டிராகன்ஃப்ளை. இலவசம், ரூம், ஹால், ப்ளேட் (அறை, அரங்கு, தகடு) எல்லா வகை முழக்கமும் உண்டு. ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் வைத்திருப்பவர்களிடம் ரியாவெர்ப் ஏற்கெனவே இருக்கிறது.

கேப்போ: ரிவெர்பை ட்ராக்கிலேயே போடுவதா, சென்டிலா?

சென்டில், அதாவது ரிவெர்புக்கென்று தனி ட்ராக் வைத்து, கிட்டாரை அங்கே அனுப்பி. அந்த ட்ராக்கில் வெட் (ரிவெர்ப் ஒலியின் பங்கு) 100 சதவீதம். அப்போதுதான் ரிவெர்புக்கு மட்டும் ஈக்யூ (மேல், கீழ் ஒலிகளை வெட்டுவது) போட முடியும். இரண்டு கிட்டார் ட்ராக் இருந்தால் இரண்டும் ஒரே அறையில் இருப்பதாகக் கேட்கும்.

நைலான்_கம்பி: டிகே எவ்வளவு என்பதை எப்படி முடிவு செய்வது? எனக்கு எப்போதும் அதிகமாகிவிடுகிறது.

நல்ல கேள்வி. வாசித்துக்கொண்டே இருக்கும் இடத்தில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு கார்டை அடித்து, உள்ளங்கையால் எல்லாக் கம்பியையும் ஒரேயடியாக அமுக்குங்கள். ரிவெர்பின் வால் மட்டும் தனியாகத் தொங்கும். அடுத்த கார்டு விழும் நேரத்தில் அந்த வால் கரைந்துகொண்டிருக்க வேண்டும். அதன் மேல் ஏறி நிற்கக் கூடாது. மெதுவான ஆர்பெஜியோவுக்கு (கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டுவது) 2 செகண்ட் கூடத் தாங்கும். வேகமான ஸ்ட்ரம்மிங்குக்கு 0.8 போதும்.

சாயங்காலம்: காசு கொடுத்து வாங்கினால் எந்த ப்ளக்-இன் சிறந்தது?

மொட்டைமாடிக்குச் சொன்னதேதான். காசை பீரோவில் வையுங்கள், அதுவும் கொஞ்சம் ஒலியை உறிஞ்சும்.

கல்மண்டபம்: இதெல்லாம் கணக்குப் போட்டுச் செய்யும் பொய் ரிவெர்ப். நிஜமான இடத்தின் ஐ.ஆர். போட்டால்தான் இயல்பு. நான் ஒரு பெரிய கல் தேவாலயத்தின் ஐ.ஆர். பயன்படுத்துகிறேன்.

ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐ.ஆர்., அதாவது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், என்பது என்ன? ஓர் இடம் எப்படி முழங்குகிறது என்று, அங்கே பலூனை உடைத்தோ ஸ்பீக்கரில் ஸ்வீப் (கீழிருந்து மேல் வரை ஏறும் ஒலி) விட்டோ எடுத்த பதிவு. அந்த இடத்தை ஒரு மூலையிலிருந்து எடுத்த புகைப்படம். ஸ்பீக்கர் எங்கே இருந்தது, மைக் எங்கே இருந்தது என்பதெல்லாம் அதில் உறைந்துபோயிருக்கும். உங்கள் கிட்டாரோ ஒன்றேகால் சாணில் எடுத்தது. காது இரண்டையும் சேர்த்து நம்பாது.

பாஸ்டன் சிம்பனி ஹாலைத் தெரியுமா? 1900-இல் திறந்தது, ஒலிக்கணக்குப் போட்டவர் வாலஸ் சாபின். முழு ஆர்கெஸ்ட்ராவுக்கே அங்கே முழக்கம் 2 செகண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒற்றைக் கிட்டாருக்கு உங்கள் தேவாலயத்தின் 5 செகண்ட் எதற்கு?

கல்மண்டபம்: நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நிஜம் நிஜம்தானே?

காதுக்கு வேண்டியது நிஜம் இல்லை, அடர்த்தி. ஒலியியல் விஞ்ஞானி மான்ஃப்ரெட் ஷ்ரோடர் செயற்கை ரிவெர்ப் பற்றி 1962-லேயே எழுதிவிட்டார்: செகண்டுக்கு 1,000 எதிரொலி அளவுக்கு அடர்த்தி இருந்தால் எதிரொலிகள் தனித்தனியாகத் தெறிக்கும் படபடப்பு கேட்காது. 1957-இல் வந்த ஈ.எம்.டி. 140 என்ற ரிவெர்ப் கருவியில் அறையே கிடையாது, தொங்கவிட்ட எஃகுத் தகடு. அதில் ஊறிய பாட்டைக் கேட்டு யாராவது பொய் என்று எழுந்து போனார்களா?

குளியலறைப்_பாடகன்: அண்ணா, 1947-இல் அமெரிக்க ஒலிப்பதிவாளர் பில் பட்னம் ஸ்டுடியோ குளியலறையைத்தானே ரிவெர்புக்குப் பயன்படுத்தினார்?

ஆமாம், ஹார்மோனிக்காட்ஸ் என்ற இசைக்குழுவுக்காக. இந்த இடத்தில் கல்மண்டபம் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நிஜக் காற்று வேண்டுமென்றால் ஐ.ஆர். தேடி அலையாமல் உங்கள் வீட்டுக் காற்றையே எடுங்கள். பதிவு செய்த கிட்டாரை மாடிப்படிக்கட்டின் கீழே ஒரு ஸ்பீக்கரில் விடுங்கள். ஸ்பீக்கர் சுவரைப் பார்க்கட்டும். மைக் ஒரு மாடி மேலே, அதுவும் ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி. நேரடி ஒலி குறைந்து முழக்கம் மட்டும் வரும். அந்தப் பதிவைப் பழைய ட்ராக்கின் அடியில் மெல்லக் கலந்து பாருங்கள்.

புதுவரவு: ரிவெர்ப் போட்டதும் 'உஸ்' என்று ஒரு இரைச்சல் கேட்கிறது.

ஃபேன். ரிவெர்ப் அதையும் சேர்த்து இழுக்கிறது. அணையுங்கள். வியர்த்தால் துண்டு.

பிக்கப்_மணி: மைக் இல்லை. பியெஸோ பிக்கப்பிலிருந்து நேராக எடுக்கிறேன். ரிவெர்ப் போட்டும் பிளாஸ்டிக் போலவே கேட்கிறது.

பியெஸோ பிக்கப், கிட்டாரில் கம்பிகள் ஊன்றும் பாலத்தின் அழுத்தத்தைத்தான் கேட்கிறது, பலகை காற்றில் எழுப்பும் ஒலியை இல்லை. முதலில் அந்தப் பலகை ஒலியைக் கொடுக்க வேண்டும். ஐ.ஆர். உண்மையிலேயே உதவும் இடம் இது: ஹாலின் ஐ.ஆர். இல்லை, கிட்டார் உடலின் ஐ.ஆர். அதைப் போட்டு, 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்து, பிறகு சிறிய ரூம் ரிவெர்ப். கல்மண்டபம், மகிழ்ச்சியா?

தோடி: வயலினுக்கும் இதே அளவுதானா?

வயலின் பதிவு செய்பவரைக் கேளுங்கள்.

ராத்திரிராகம்: எந்த ப்ளக்-இன் போடலாம்?

மேலே படியுங்கள் தம்பி.

கல்மண்டபம்: படிக்கட்டில் செய்து பார்த்தேன். அறையை விட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லிஃப்ட் மோட்டார் சத்தமும் சேர்ந்துவிட்டது.

அது பெரும்பாலும் கீழ் ஒலிதான். ரிவெர்ப் ட்ராக்கில் 200-க்குக் கீழே வெட்டச் சொன்னேனே, இங்கே 300 வரை போங்கள். வால் கெடாது. கிட்டாரின் கீழ்க் கனம் முழுக்க உங்கள் பழைய ட்ராக்கில் இருக்கிறது. லிஃப்ட் கதவு மூடும் சத்தம் விழுந்த இடத்தை மட்டும் மறுபடி எடுங்கள், ஸ்பீக்கரையும் மைக்கையும் நகர்த்தாமல்.