கடல் சட்டம் தேடுபவர்களுக்கு மூன்று கேள்விகள்: எத்தனை கடல் மைல், எந்தக் கொடி, எந்தத் தேதி?

கேள்வி: தூத்தூர் பக்கம் எங்கள் ஊர். அப்பா விசைப்படகில் ஆழ்கடலுக்குத் தங்கல் தொழிலுக்குப் போகிறவர். நான் சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். கப்பல் மோதி மீன்பிடிப் படகு மூழ்கினால் இழப்பீடு பெறும் வழி பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். கூகுளில் தேடினால் வெளிநாட்டு வக்கீல் நிறுவனங்களின் விளம்பரங்களே வருகின்றன. காசு கட்டிப் படிக்கும் தளங்கள் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இணையத்தில் எதை நம்பிப் படிப்பது? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் கட்டுரைக்கு வேண்டியதில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் 'மேரிடைம் லா' என்று பொதுவாகத் தட்டினால் எதுவும் கைக்குச் சிக்காது. ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகளோடு தொடங்குங்கள். கரையிலிருந்து எத்தனை கடல் மைலில் நடந்தது? கப்பல் எந்த நாட்டுக் கொடி, அதாவது எந்த நாட்டில் பதிவானது? எந்தத் தேதி? எந்தத் தளத்தைத் திறப்பது என்பதை இந்த மூன்று விடைகளும் சொல்லிவிடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தெரிந்த வழக்கையே பார்ப்போம். 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைலில், இத்தாலியக் கொடி பறந்த எண்ணெய்க் கப்பல் என்ரிகா லெக்ஸியில் காவலுக்கு இருந்த கடற்படையினர் செயின்ட் ஆண்டனி என்ற மீன்பிடிப் படகின் மீது சுட்டார்கள். இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். படகின் உரிமையாளரும், இறந்தவர்களில் ஒருவரும் நம் மாவட்டத்துக்காரர்கள்.

அந்த 20.5 என்ற எண்ணில்தான் வழக்கே சுழன்றது. 1976ஆம் ஆண்டின் கடல் மண்டலங்கள் சட்டப்படி 12 கடல் மைல் வரை ஆட்சிக்கடல், 24 வரை அதை ஒட்டிய மண்டலம், 200 வரை தனிப் பொருளாதார மண்டலம். சம்பவம் 12ஐத் தாண்டி நடந்ததால் கேரள மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசுக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று சொன்னது. பிறகு விவகாரம் ஹேக் நகருக்குப் போனது. நடுவர் தீர்ப்பாயம் 2020 மே 21 அன்று அளித்த தீர்ப்பில், வீரர்களுக்கு இந்திய நீதிமன்ற விசாரணையிலிருந்து விலக்குரிமை உண்டு, ஆனால் இந்தியாவுக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. 10 கோடி ரூபாய் கட்டப்பட்ட பின் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது.

இதில் மூன்று ஆவணங்கள் உங்களுக்குத் தேவை. சட்டத்தின் வாசகம் மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்த நீதிமன்றத்தின் 'ஈ-எஸ்.சி.ஆர்.' தளத்திலும் 'இந்தியன் கானூன்' தளத்திலும் கிடைக்கும். நடுவர் தீர்ப்பு, ஹேக்கில் உள்ள நிரந்தர நடுவர் நீதிமன்றத்தின் தளத்தில் இருக்கிறது. மூன்றையும் ஒரே வாரத்தில், கையில் பென்சிலோடு படியுங்கள். நீளமானவைதான். ஆனால் கடல் சட்டத்தின் அடிப்படைகள் உங்களுக்கு வேறு எங்கும் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்காது.

ஹேக் தீர்ப்பைப் படிக்கும்போது 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐ.நா.வின் கடல் விவகாரப் பிரிவின் தளத்தில் முழு வாசகமும் உண்டு. இந்தியா 1995இல் இதை ஏற்றது. உங்கள் தலைப்புக்கு 97ஆவது பிரிவு முக்கியம். ஆழ்கடலில் கப்பல் மோதினால் மாலுமி மீது குற்ற நடவடிக்கை எடுக்கும் உரிமை, கப்பலின் கொடி நாட்டுக்கும் மாலுமியின் சொந்த நாட்டுக்கும் மட்டுமே என்கிறது அது. பலரும் இதைப் படித்ததும், அப்படியானால் நமக்கு வழியே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. அந்தப் பிரிவு தண்டனை பற்றியது. இழப்பீட்டுக்கு வேறு பாதை இருக்கிறது. 73ஆவது பிரிவையும் படித்து வையுங்கள். எல்லை தாண்டியதாகப் பிடிபடும் மீனவர்களைப் பிணையில் உடனே விடுவிப்பது பற்றியது. எல்லை தாண்டியதாக நம் மீனவர்களைப் பிடித்து வைக்கும் இந்தியப் பெருங்கடல் தீவான டீகோ கார்சியாவின் பெயரைக் கேட்டுப் பயந்த வீடுகள் உங்கள் பக்கத்தில் குறைவில்லை என்பதால் சொல்கிறேன்.

சரி, இழப்பீட்டுக்கு வருவோம். 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு அட்மிரால்டி சட்டம், அதாவது கப்பல் தொடர்பான கோரிக்கைகளுக்கான சட்டம்தான் உங்கள் கட்டுரையின் முதுகெலும்பு. சிறிய சட்டம், ஒரே உட்காரலில் படித்துவிடலாம். 4ஆவது பிரிவு எதையெல்லாம் கடல்சார் கோரிக்கை என்று கேட்கலாம் என்பதைச் சொல்கிறது. உயிரிழப்பு, காயம், கப்பலால் ஏற்பட்ட சேதம், மாலுமியின் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம். 5ஆவது பிரிவு கப்பலையே பிடித்து வைக்கும் அதிகாரம் தருகிறது. அதே உரிமையாளரின் வேறொரு கப்பலைப் பிடிக்கவும் அதில் இடம் உண்டு.

சம்பவம் எங்கே நடந்தது என்பதோடு, கப்பல் இப்போது எங்கே நிற்கிறது என்பதும் இங்கே முக்கியமாகிறது. படகு கொச்சிக்கு வெளியே மூழ்கியிருக்கலாம், இறந்தவர் வீடு இரயுமன்துறையில் இருக்கலாம். அந்தக் கப்பல் அப்புறம் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தால் அதைப் பிடிக்கும் அதிகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. 9ஆவது பிரிவில் ஒரு கெடு இருக்கிறது. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் கப்பலின் மேல் உள்ள பற்றுரிமை (கப்பலையே ஈடாக வைத்து இழப்பீடு கேட்கும் உரிமை), அதற்குள் கப்பலைப் பிடிக்காவிட்டால், ஒரே வருடத்தில் போய்விடும். சம்பளத்துக்கு இரண்டு வருடம். இந்த வரியை உங்கள் கட்டுரையில் தடித்த எழுத்தில் போடுங்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு வருடம் எப்படிப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அண்மை உதாரணம் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல். 2025 மே 25 அன்று கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் நம் மாவட்டக் கடற்கரையிலும் ஒதுங்கின. மூழ்கிய கப்பலைப் பிடிக்க முடியாது. கேரள அரசு வழக்குப் போட, விழிஞ்ஞத்தில் நின்ற எம்.எஸ்.சி. அகிடெட்டா 2 என்ற கப்பலைப் பிடித்து வைக்கக் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உயர் நீதிமன்ற உத்தரவுகளை அந்தந்த நீதிமன்றத் தளத்திலும் 'ஈ-கோர்ட்ஸ்' தீர்ப்புத் தேடலிலும் பார்க்கலாம். இதற்கெல்லாம் அடித்தளமான எம்.வி. எலிசபெத் வழக்கின் 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் மறக்காமல் எடுங்கள். வெளிநாட்டுக் கப்பலைப் பிடிக்க நம் உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உறுதி செய்த தீர்ப்பு அது.

இனி தேதி. 2025இல் நம் கப்பல் சட்டங்கள் கிட்டத்தட்ட முழுவதுமாக மாறின. 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம், 1908ஆம் ஆண்டின் துறைமுகச் சட்டம், 1925ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குச் சட்டம், 1856ஆம் ஆண்டின் சரக்குச் சீட்டுச் சட்டம் ஆகிய நான்குக்கும் பதிலாகப் புதிய சட்டங்கள் அந்த ஓராண்டில் நிறைவேறின. இணையத்தில் கிடக்கும் கட்டுரைகளிலும் பாடக் குறிப்புகளிலும் பெரும்பாலானவை பழையதையே பேசுகின்றன. ஆகவே எந்தப் பிரிவை மேற்கோள் காட்டினாலும், அது எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது என்பதை மத்திய அரசின் மின்-அரசிதழ் தளத்தில் சரிபாருங்கள். பழைய சட்டத்தின் பிரதியையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய சம்பவத்துக்குப் பழைய சட்டம் தேவைப்படும். புதிய சட்டம் ஏன் வந்தது என்று அறிய, மசோதாக்களை ஆராயும் பி.ஆர்.எஸ். அமைப்பின் தளத்தில் உள்ள மசோதாக் குறிப்புகள் நல்லவை.

கொடியைக் கண்டுபிடிப்பதுதான் மோதல் வழக்குகளில் பெரும்பாடு. பல வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "கறுத்த கப்பலு மக்கா, பேரு வாசிக்க முடியல்ல" என்பதற்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை. அவருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்று அப்படி இல்லை. மரைன்டிராஃபிக் போன்ற தளங்கள், ஏ.ஐ.எஸ். கருவி (கப்பல் தன் பெயரையும் இடத்தையும் தானாக ஒலிபரப்பும் கருவி) இயங்கும் கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டுகின்றன. இலவசக் கணக்கில் அதிக நாள் பின்னோக்கிப் பார்க்க முடியாது. அதனால் சம்பவம் நடந்த அன்றே திரைப் பிடிப்பு எடுத்துவிட வேண்டும். அது நீதிமன்றத்தில் நிற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும்.

கப்பலின் நிரந்தர அடையாளமான ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெயரும் கொடியும் மாறலாம், எண் மாறாது. அந்த எண்ணை 'இகுவாசிஸ்' தளத்தில் போட்டால் உரிமையாளர், நிர்வாகி, காப்பீடு தரும் பி அண்ட் ஐ சங்கம் வரை காட்டும். பதிவு மட்டும் செய்துகொண்டால் போதும், காசு இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் 'ஜிஸிஸ்' தளத்திலும் விபத்துப் பதிவுகள் உண்டு. சிங்கப்பூர், பிரிட்டன் போன்ற நாடுகளின் விபத்து விசாரணை அமைப்புகள் தங்கள் அறிக்கைகளைத் தளத்திலேயே வெளியிடுகின்றன. அவை காரணம் தேடும் அறிக்கைகள், யார் மேல் பொறுப்பு என்று தீர்ப்பவை ஆகா. ஆனால் எத்தனை மணிக்கு, எந்த வேகத்தில், கப்பலைச் செலுத்தும் அறையில் (பிரிட்ஜில்) யார் நின்றார் என்ற விவரம் அவற்றில்தான் இருக்கும்.

பி அண்ட் ஐ சங்கங்களின் சுற்றறிக்கைகளும் வக்கீல் நிறுவனங்களின் குறிப்புகளும் தரமாகவே எழுதப்படுகின்றன. ஆனால் அவர்கள் பேசுவது கப்பல்காரர் பக்கத்திலிருந்து. புதிய தீர்ப்பு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள், பிறகு மூலத் தீர்ப்பைப் படியுங்கள். ஆங்கிலேயத் தீர்ப்புகள் 'பெய்லி' தளத்திலும், இந்திய முனைவர் பட்ட ஆய்வுகள் 'சோத்கங்கா'விலும் இலவசம். மீன்பிடிச் சட்டங்களை நாடுவாரியாக ஒப்பிட ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 'ஃபாவோலெக்ஸ்' போதும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் கப்பல் வேலைக்கென்று ஏஜெண்டிடம் பணம் கட்டத் தயாராக இருக்கும் பையன்கள் இருப்பார்கள். அந்த ஏஜெண்டுக்கு மாலுமிகளை வேலைக்கு அனுப்புவதற்கான ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்பதை மத்திய அரசின் டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் பார்க்கலாம். தேடக் கற்றுக்கொண்ட நீங்கள் அவர்களுக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.

முதலில் அட்மிரால்டி சட்டத்தின் 3, 4, 5, 9 பிரிவுகளை அச்செடுங்கள். அப்பா அடுத்த முறை கரைக்கு வரும்போது, கப்பல்கள் எந்த இடத்தில் நெருக்கமாக வருகின்றன என்று அவருடைய ஜி.பி.எஸ்.ஸில் உள்ள இடக்குறிப்புகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவை 12 மைலுக்கு உள்ளா, வெளியா என்று நீங்களே வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். உங்கள் கட்டுரையின் முதல் அத்தியாயம் அங்கே இருக்கிறது.