கோடைக்காலத்தில் கைக்காசுக்குப் போகாதீர்கள், தம்பி

இலங்கை மலையகத்துத் தலவாக்கலையிலிருந்து கனடாவின் ஸ்கார்பரோவுக்குக் குடும்பத்தோடு வந்து நான்கு மாதமே ஆன தம்பி ஒருவர், பள்ளி விடுமுறைக்கு முன் இரண்டாவது வேலை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாமா, பழைய கார் வாங்கலாமா, தமிழ் வகுப்பு எங்கே நடக்கிறது என்று கேட்டிருக்கிறார். காரையும் வகுப்பையும் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். முதல் கேள்விக்கு மட்டும் என் பதில்: நம் தேயிலைத் தோட்டங்களில் கைக்காசு என்போமே, அந்தக் கூடுதல் வேலைக் கூலி வேண்டாம், தம்பி.

நானும் அட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். இங்கு வந்த முதல் கோடையில் பகலில் பண்டகசாலையிலும் இரவில் துப்புரவுப் பணியிலும் நின்றேன். மனைவி ஒரு பேக்கரிக்குப் போனாள். ஜூன் கடைசியில் பள்ளி மூடியதிலிருந்து செப்டெம்பர் தொடக்கத்தில் திறக்கும்வரை, ஆறு வயது மகள் பேஸ்மென்டில் வீட்டுக்கார அம்மாவின் பார்வையில் இருந்தாள். அந்த அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் புல்மட்டத்தில் இருந்ததால், தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டுமே அவளுக்குத் தெரிந்தன. பள்ளி திறந்த அன்று அவளைக் கைபிடித்து அழைத்துப் போனபோது, எதிரே வந்தவர்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் சப்பாத்தை மட்டும் பார்த்து, "இவர் தபால்காரர், இவங்க வீட்டில் நாய் இருக்கு" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அன்று முழுவதும் எனக்கு வேலையில் கை ஓடவில்லை.

என் அம்மா, கொழுந்து பொங்கி வரும் சித்திரை, வைகாசி மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு மலையேறுவார். பொழுது சாய்ந்து திரும்பி, லயத்தின் முன் திண்ணையான இஸ்தோப்பில் அமர்ந்து, கறுத்துப்போன விரல்களைத் தேசிக்காய்த் தோலால் தேய்ப்பார். ஒரு விரலைத் தேய்த்து அடுத்த விரலுக்குப் போவதற்குள் கண் சொருகிவிடும். நாங்கள் சொல்ல வைத்திருந்த கதைகளையெல்லாம் கேட்க அவருக்குத் தெம்பிருக்கவில்லை. ஒரு காம்பராவில் ஆறு பேர் வாழ்ந்த அந்தக் குடும்பத்துக்கு வேறு வழியும் இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

நாம் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு 44 மணி நேரம் கடந்தால்தான் ஒன்றரை மடங்கு ஊதியம். இரண்டு இடங்களின் மணிகளைக் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். ஓராண்டு முடிந்தால் இரண்டு வாரமும், ஐந்தாண்டு முடிந்தால் மூன்று வாரமும் விடுமுறை உங்கள் உரிமை. சம்பளத் துண்டில் அவ்வப்போது 4 வீதம் விடுமுறைப் பணம் வந்துவிடுகிறது என்பதற்காக விடுமுறை நாட்களே கிடையாது என்று நம்மவர்களில் பலர் நம்பிக்கொண்டிருப்பது பெரும் வருத்தம்.

அதைவிட வருத்தம், கிடைக்கிற சனி, ஞாயிறுகளையும் மண்டபங்களுக்குக் கொடுத்துவிடுவது. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா என்று ஜூலை, ஆகஸ்ட் முழுவதும் பிள்ளைகள் பட்டுடுத்திக் குளிரூட்டிய அறைக்குள் இரவு பதினொரு மணிவரை சோற்றுக்குக் காத்திருக்கிறார்கள். நான் அழைப்புகளில் பாதியை மறுத்துவிடுகிறேன். மனத்தாங்கல் வந்தது, பிறகு போய்விட்டது.

ஊரில் இந்த மாதங்களில் தென்மேல் பருவமழை. ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் ஒடுங்குவோம். இங்கே ஜூன் கடைசியில் இரவு ஒன்பது மணிவரை வெயில் நிற்கிறது. ஆறு மணிக்கு வேலை முடித்து வந்தாலும் பிள்ளைகளோடு மூன்று மணி நேரம் மிஞ்சும். ரூஜ் ஆறு ஒன்டாரியோ ஏரியில் கலக்கும் இடத்தில் மணற்கரை இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. ஜூலையில் ஒரு ஞாயிறு அங்கே வாருங்கள்; ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் நாங்கள் கொண்டுவருகிறோம்.